தண்டமா, வழக்கா?

கோமாரியைச் சேர்ந்த விவசாயி ஒருவர், வேளாண்மை வெட்டுக்கு ஆட்களைப் பேசிவிட்டுப் பொத்துவில் வீதியால் மோட்டார் சைக்கிளில் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொலிசார் மறிக்கின்றனர். மிதமிஞ்சிய வேகத்தில் வந்ததாகக் குற்றஞ்சாட்டிச் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டப்பத்திரத்தைக் கையிற் கொடுக்கின்றனர். வேகமாகச் சென்றது தாமல்ல, தம்மை முந்திச் சென்ற வாகனமே என்பது அவருடைய நிலை. இப்பொழுது அவர் என்ன செய்வது? தபாற்கந்தோரிற் பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பதா? நீதிமன்றம் சென்று உண்மையை நிலைநாட்டுவதா?

இது ஒரு தனி மனிதரின் சில்லறைத் தொல்லை என்று எண்ணுவோர் உளர். நாம் அப்படி எண்ணவில்லை. குடிமகனும் அரசும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் பெரும்பாலும் பாராளுமன்றமன்று; வீதியோரமே. அங்கே நியாயம் கிடைக்காதவனுக்கு வேறெங்கே அரசின் மீது நம்பிக்கை பிறக்கும்?

முதலிற் சட்டத்தின் நிலையைத் தெளிவாக அறிந்துகொள்வோம். சிறு போக்குவரத்துக் குற்றங்களுக்கு அவ்விடத்திலேயே தண்டப்பத்திரம் வழங்க மோட்டார் வாகனச் சட்டம் இடமளிக்கிறது. பணத்தை 14 நாட்களுக்குள் கட்டவேண்டும். தவறினால் 28ஆம் நாள் வரை இரட்டிப்பாகக் கட்டவேண்டும். அதன் பின்னரும் கட்டாவிட்டால் விடயம் நீதவான் முன்னிலைக்குச் செல்லும். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவது போன்ற பெருங்குற்றங்களுக்கு இச்சலுகை கிடையாது. ஆக, தண்டப்பத்திரம் ஒரு தீர்ப்பன்று. அது ஒரு குற்றச்சாட்டு மாத்திரமே. நிரூபிக்கப்படும்வரை எவரும் குற்றமற்றவர் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தரும் உறுதி. நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டுபவரையே சாரும்.

எனவே நமது முதல் வார்த்தை தவறு செய்தவர்களுக்கு. தலைக்கவசமின்றிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றவரும், பாடசாலைக்கு முன்னால் விரைந்து ஓட்டியவரும் வழக்காடிக் காலத்தைப் போக்குவதிற் பொருளில்லை. அவர்கள் பணத்தைக் கட்டட்டும்; கட்டிய பற்றுச்சீட்டைப் பாடமாகக் கொள்ளட்டும். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் வரை நீளும் அந்த வீதியில் மாடும் நடக்கிறது, மாணவரும் நடக்கின்றனர். சட்டம் நம்மைத் துன்புறுத்தும்போது கூக்குரலிடும் நாம், அது நம் பிள்ளைகளைக் காக்கும்போது பணிந்து நடக்கவும் கடமைப்பட்டவர்கள்.

இரண்டாவது வார்த்தை தவறு செய்யாதவர்களுக்கு. "போனாற் போகட்டும், சில ஆயிரம் ரூபாதானே" என்று அவர்களும் கட்டிவிடுகின்றனர். இது பெருந்தன்மையன்று. செய்யாத குற்றத்துக்குக் கட்டும் ஒவ்வொரு ரூபாவும் அடுத்த அப்பாவியை மறிப்பதற்குத் துணிவூட்டுகிறது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. மடித்த நோட்டு ஒன்று கைமாறுவதுடன் காரியம் முடிந்துவிடும் வழி அது. குற்றவாளி தண்டனையிலிருந்து தப்புகிறான். குற்றமற்றவன் தன் நியாயத்தை விற்றுவிடுகிறான். வாங்குபவரைப் போலவே கொடுப்பவரும் சட்டத்தின் முன் குற்றவாளி. இவ்வழியை நாம் முழுமூச்சாகக் கண்டிக்கிறோம்.

நமது வரலாறு இதில் நமக்கு வழிகாட்டுகிறது. மோட்டார் வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டபோது, வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சியினர் தமிழ் எழுத்தைப் பொறித்தே வாகனங்களைச் செலுத்தினர். செய்ததை அவர்கள் மறுக்கவில்லை. வழக்கு வந்தபோது தண்டனையை வெளிப்படையாக ஏற்றனர்; சிறை சென்றோரும் உண்டு. மற்றொருவர் அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன். சிங்களப் பரீட்சையிற் சித்தியடையவில்லை என்பதற்காக 1962இல் மறுக்கப்பட்ட சம்பள உயர்வு சிறு தொகைதான். ஆயினும் அவர் வழக்காடினார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசு மீது வழக்குத் தொடர முடியாது என்று அதனைத் தள்ளியது. 1969இல் பிரிவி கவுன்சில் அந்த உரிமை உண்டென்று நிலைநாட்டியது. ஒரு சாரார் தண்டனையை ஏற்றனர்; மற்றவர் எதிர்த்து நின்றார். இரு சாராரும் செய்ததைப் பகலிலே செய்தனர். நாம் கற்கவேண்டியது அதுவே.

ஆனால், வழக்காடுங்கள் என்று மக்களுக்கு உபதேசிப்பது இலகு. வழக்காடும் வழி அவர்களுக்கு எப்படித் திறந்திருக்கிறது? குற்றமற்றவர் என்று வாதிடும் விவசாயி முதல் நாள் போகவேண்டும், விசாரணைத் தவணைக்கு மறுபடியும் போகவேண்டும், ஒத்திவைத்தால் இன்னொரு முறையும் போகவேண்டும். வெட்டு நாளில் ஒரு நாட் கூலி போகும், சட்டத்தரணிக்கும் செலவாகும். ஆசிரியரானால் லீவு போகும். தண்டத்தைக் கட்டுவதற்கோ 2025ஆம் ஆண்டு முதல் கைத்தொலைபேசி வழியும் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. பணத்தை வாங்கும் வாசலை அகலமாகத் திறந்துவிட்டு நியாயத்தைக் கேட்கும் வாசலை ஒடுக்கமாக வைத்திருப்பது எந்த நீதி? உண்மையின் விலை தண்டத்தின் விலையை விஞ்சும்போது ஏழை தண்டத்தையே வாங்குவான்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், போக்குவரத்துக் குற்றஞ்சாட்டப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வராமலே தம் வாதத்தை எழுத்தில் அனுப்ப வழிவகுத்தது. பொலிஸ் உத்தியோகத்தரும் எழுத்திலேயே பதிலளிப்பார். தோற்றவர் மறுவிசாரணை கேட்கலாம். அங்கே முடிந்தது பொத்துவிலில் ஏன் முடியாது?

நமது கோரிக்கைகள் மூன்று. எழுத்துமூல வாதத்தை ஏற்கும் ஏற்பாடு வேண்டும். வழக்கு முடியும்வரை உழைப்பாளியின் அனுமதிப்பத்திரம் அவன் பிழைப்பைத் தடுக்காதிருக்க வேண்டும். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழி, நீதிமன்ற மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம், 24ஆம் உறுப்புரைகள் கூறுகின்றன. அக்கூற்று பத்திரத்தை நிரப்பும் பேனாவிலும் விளங்கவேண்டும். தன் மீது சாட்டப்பட்ட குற்றம் எதுவென்று வாசிக்க இயலாதவன் அதனை ஏற்பதெப்படி, மறுப்பதெப்படி?

மறிக்கப்பட்டவர்களும் சில கடமைகளை மறத்தலாகாது. உத்தியோகத்தருடன் வாய்த்தர்க்கம் வேண்டாம். குற்றம் எதுவென்று தமிழிற் கேளுங்கள். விளங்காத எதிலும் கையொப்பமிடாதீர்கள். நேரம், இடம், உத்தியோகத்தரின் இலக்கம், கண்டவர்கள் யார் என்பவற்றை அன்றே எழுதிவையுங்கள். 14 நாட்கள் என்ற தவணையை மறவாதீர்கள். பின்னர் உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள். அது 'ஆம்' என்றால் தபாற்கந்தோருக்குச் செல்லுங்கள். 'இல்லை' என்றால் நீதிமன்றத்துக்குச் செல்லுங்கள். மூன்றாவது வாசலை மட்டும் ஏறெடுத்தும் பாராதீர்கள்.