மலை ஒன்று, பெயர் பல

மலையுச்சிக்கு ஏறித் திரும்பியவரை, ‘மலையை வென்று வந்தார்’ எனப் பாராட்டுவது இந்நாளில் வழக்காகிவிட்டது. மலை எவரோடும் போரிடுவதில்லை. ஆகவே எவரிடமும் தோற்பதுமில்லை. ஏறியவர் தம் செருக்கை வென்றாரா என்பதே கேட்கத்தக்க வினா. இதனை உணர்த்த இலங்கையின் மலை ஒன்றே போதும்.

2,243 மீட்டர் உயர்ந்து நிற்கும் அம்மலையைச் சிங்களர் ஸ்ரீபாத என்பர். சைவர் சிவனொளிபாதமலை என்பர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். நம் மணிமேகலைக் காப்பியமோ அதனைச் சமந்தம் என்றும் சமனொளி என்றும் சுட்டுகிறது. உச்சிப் பாறையிலுள்ள பாதச் சுவடு புத்தருடையது, சிவபெருமானுடையது, ஆதம் நபி (அலை) அவர்களுடையது, புனித தோமையாருடையது என்று நம்பிக்கைகள் பலவாறாக நிலவுகின்றன. ஆதம் நபி இறங்கிய இடத்தின் பெயரைத் திருக்குர்ஆன் கூறவில்லை; வழிவழி வந்த செய்தியே இம்மலையைச் சுட்டுகிறது.

‘அப்படியாயின் மலை யாருக்கு உரியது?’ என்று வினவுவோர் உளர். என் கருத்தில் அவ்வினாவே பிழையானது. 1344ஆம் ஆண்டில் இம்மலைக்கு ஏறிய மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா அதற்கு விடை தந்துவிட்டார். அவருக்குப் பல்லக்கு அளித்தவர் தமிழ் மன்னராகிய ஆரியச் சக்கரவர்த்தி. வழித்துணையாக அனுப்பப்பட்டோர் யோகியர் நால்வர், அந்தணர் மூவர், அரசரின் பரிவாரத்தார் பதின்மர். உணவுப் பொருள்களைச் சுமந்தோர் பதினைவர். ஒருவர் நம்பிக்கையை மற்றவர் ஏற்கவில்லை. எனினும் ஒரே பாதையில் சேர்ந்தே நடந்தனர். நல்லிணக்கம் என்பது இதுவன்றோ? தம் சமயத்தைக் கைவிடுவதோ, எல்லாம் ஒன்றே என்று மேடையில் முழங்குவதோ அன்று. செங்குத்தான படியில் தடுமாறுபவர்க்குக் கைகொடுப்பதே அது.

அப்பயணி மற்றுமொரு செய்தியையும் குறித்துள்ளார். மலைக்கு ‘பாபா’ வழி, ‘மாமா’ வழி என இரண்டு இருந்தன. பாபா வழி கடினமானது. மாமா வழி எளியது. எளிய வழியில் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே மக்கள் கருதவில்லையாம். உழைப்பின்றி எய்தும் உயரம் உயரமாகாது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். குறிப்பேட்டை மட்டும் நம்பித் தேர்வெழுதும் மாணவர் இதனைச் சற்றே சிந்திப்பாராக!

இன்றும் டிசம்பர் முழுமதி முதல் மே மாத வெசாக் முழுமதி வரை மக்கள் இரவெல்லாம் ஆயிரக்கணக்கான படிகளில் ஏறுகின்றனர். அம்மலைப்பகுதி 2010இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற இலங்கை மத்திய மலைநாட்டைச் சார்ந்தது. களனி, களு, வளவை ஆறுகளுக்குத் தாய்மடி. அங்கே பிளாஸ்டிக் பைகளையும் புட்டிகளையும் வீசிச் செல்வோரும் உளர். பாதச் சுவட்டை வணங்கச் சென்றவர் குப்பைச் சுவட்டை விட்டு வருவது எந்தச் சமயத்திற்கு உகந்தது?

உச்சியில் கதிரவன் எழும்போது மலையின் நிழல் முக்கோண வடிவாய் மேற்கே நீண்டு விழும். அந்நிழலில் சிங்களர் ஊரும் தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் அடங்கும். நிழல் தருகையில் மலை பெயர் கேட்பதில்லை. மலையேற விரும்பும் இளைஞர்களே, ஏறுங்கள். உரிமை கொண்டாட அன்று, பணிவு கற்றுத் திரும்ப!