கருவிலிருக்கும் குழந்தையின் உரிமை

சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடங்களிலும், தென்காசி மாவட்டத்து வீடுகளில் பீடிச் சுளகின் முன்னும் நம் சமுதாயப் பெண்கள் பலர் உழைக்கின்றனர். அவர்களுள் கருவுற்றவர்களும் உண்டு. வீட்டார் உண்டபின் எஞ்சியதை உண்பதே அவர்களுள் பலருக்கு வழக்கம். "எங்கள் உம்மா பத்துப் பெற்றாள், எந்த டாக்டரைப் பார்த்தாள்?" என்று கேட்கும் பெரியவர்கள், அந்தப் பத்தில் எத்தனை பிழைத்தன என்பதைச் சொல்வதில்லை.

மார்க்கம் கூறுவது என்ன? பேறுகால வேதனையில் தனித்திருந்த அன்னை மர்யம் (அலை) அவர்களுக்கு வல்ல நாயன் பேரீச்சங்கனியையும் நீரையும் அளித்து, உண்ணவும் பருகவும் பணித்ததைத் திருமறை எடுத்துரைக்கிறது. தலாக் சொல்லப்பட்ட பெண்ணாயினும், அவள் கர்ப்பிணியானால் பிரசவிக்கும்வரை அவளுக்குச் செலவிடுவது கடமை என்று 65ஆவது அத்தியாயம் விதிக்கிறது. பிரிந்தவளுக்கே இவ்வுரிமை என்றால், உடன் வாழும் மனைவிக்கு எவ்வளவு!

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் சலுகை உண்டென்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேருமென அஞ்சுபவள் அச்சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. விட்ட நோன்பை ஈடுசெய்யும் முறையைத் தம் மத்ஹபுக்கேற்ப ஆலிம்களிடம் கேட்டறிக.

மருத்துவமும் இதையே வலியுறுத்துகிறது. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 52 பேருக்கு இக்குறை உண்டு. இதனால் குறைமாதப் பிறப்பும் எடைக்குறைவும் நேரலாம். புகையிலைத் தூளின் நச்சும் சிசுவுக்குக் கேடே. 1944-45இல் ஹாலந்து நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது கருவிலிருந்தோரை ஆராய்ந்த அறிஞர்கள், ஐம்பது வயதை எட்டியபின்பும் அவர்களிடம் சர்க்கரை நோய்க்கான கூறு மிகுந்திருக்கக் கண்டனர். தாயின் பசி, பிள்ளையின் முதுமைவரை தொடர்கிறது!

வழியில்லாமலில்லை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இரும்புச்சத்து மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தேநீருடன் உட்கொள்ளலாகாது. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஏழைத் தாய்மார்க்கு உதவுகிறது. கருவுற்றது தெரிந்தவுடன் பெயரைப் பதிவு செய்வது அவசியம்.

கணவன்மார்களே! பிறந்த குழந்தைக்கு அகீகா கொடுக்க ஆட்டை விலை பேசுகிறோம். அக்குழந்தை கருவிலிருந்த மாதங்களில் அதன் தாய்க்கு நாளொரு முட்டையும் ஒரு பிடி கீரையும் கிடைத்தனவா என்று கேட்டோமா? மாமியார்மார்களே! மருமகளுக்கு முதலில் சோறிடுங்கள். உண்பவள் அவள் மட்டுமல்லள், உங்கள் பேரப்பிள்ளையுமே. ஜமாஅத்தார் ஜும்ஆ மேடையில் இதனை எடுத்துரைப்பார்களாக!

தாய்மாரையும் சிசுக்களையும் வல்ல இறைவன் காத்தருள்வானாக! ஆமீன்.