ஊர் ஆவரேஜும் பள்ளத்து வயலும்

தேர்வாய் கண்டிகைன்னா எல்லாருக்கும் சிப்காட், டயர் கம்பெனி, சென்னை குடிநீருக்காக 2020 நவம்பர்ல திறந்த நீர்த்தேக்கம், இதுங்கதான் ஞாபகம் வரும். ஆனா மக்களே, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துல இன்னமும் நெல் போடுறாங்க. அவங்க பயிர்க் காப்பீட்டைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

2016ல வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல நெல்லுக்கு விவசாயி கட்டுற பிரீமியம் குறைச்சல்தான். காப்பீட்டுத் தொகையில காரிஃபுக்கு 2 சதவீதம், ரபிக்கு 1.5 சதவீதம். மிச்சத்தை அரசாங்கம் கட்டுது. அதுல எனக்குக் குறையில்லை. என் பிரச்சினை நஷ்டத்தைக் கணக்குப் போடுற விதத்துல.

முழு சீசன் மகசூலைப் பார்க்கும்போது அளவுகோல் உங்க வயல் இல்லை, உங்க ஊர். சில வயல்களை மட்டும் தேர்ந்தெடுத்து அறுவடைப் பரிசோதனை பண்ணுவாங்க. அந்த சராசரி, கடந்த 7 வருஷத்துல நல்லா விளைஞ்ச 5 வருஷத்தை வச்சுப் போட்ட அளவுக்குக் கீழ போனாத்தான் பணம். மேட்டு வயலெல்லாம் விளைஞ்சு, பள்ளத்து வயல் மட்டும் மூழ்கினா? ஊர் பாஸ், மூழ்கினவருக்கு முட்டை! உன் லேப்டாப் எரிஞ்சா என்ன, டீம் ஆவரேஜ்ல லேப்டாப் நல்லாத்தான் இருக்குங்கற கதை :-)

ஊட்டிப் பக்கமும் இதே கதைதான். குளிர்ந்த காத்து கனம். ராத்திரி பள்ளத்துல வந்து தேங்கும். பள்ளத்துத் தோட்டம் உறைபனியில கருகும், சரிவுல இருக்கறது தப்பிக்கும். தண்ணியோ பனியோ, முதல் அடி பள்ளத்துக்குத்தான்.

வயல் வயலாப் பார்த்தா செலவு, ஏமாத்து வேலை நடக்கும்னு சொல்றாங்க. நியாயமான பயம்தான். ஆனா ஆலங்கட்டி மழைக்கும் நிலச்சரிவுக்கும் இதே திட்டத்துல தனி வயலைப் பார்க்கறாங்களே! நெல் வயல் மூழ்கறதையும் முன்னாடி அப்படித்தான் பார்த்தாங்க, 2018ல தூக்கிட்டாங்க. 2026 காரிஃப்ல இருந்து திரும்பச் சேர்க்கறதா 2025 நவம்பர்ல மத்திய அரசு அறிவிச்சுது. நல்ல விஷயம்.

ஆனா 72 மணி நேரத்துக்குள்ள ஆப்ல, இடக்குறியோட போட்டோ ஏத்தணுமாம். வெள்ளத்துல கரண்ட் இருக்காது, டவர் இருக்காது, வரப்பே தெரியாது. அதனால புகார் வர்ற வரைக்கும் காத்திருக்காம, ஊர்ல எது பள்ளம்னு தெரிஞ்ச விஏஓவும் வேளாண் உதவி அலுவலரும் தண்ணி நிக்கும்போதே போய்ப் பதிவு பண்ணணும். பிரீமியம் மட்டும் வயல் கணக்குல வாங்கறோம்ல? நஷ்டத்தையும் அதே வயல்ல போய்ப் பாருங்கய்யா.

நீங்க என்ன நினைக்கிறீங்க?