பயமா இருக்குன்னு யாரிடம் சொல்வது?

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் இருக்கும். வாயில் ஒரே வசனம்: "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்." பாவம், அவர்களும் வேறென்ன சொல்வார்கள்? ஆனால் படுத்திருப்பவளுக்கு அது கூடுதல் வேலை. வந்தவர் மனம் கோணாமல் சிரிக்க வேண்டும். கணவர் கலங்கக் கூடாது, பிள்ளைகள் படிப்பு கெடக் கூடாது என்று அவர்கள் முன்னாலும் சிரிக்க வேண்டும். பயத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்?

பெரியம்மா மகளுக்கு முதல் கீமோ ஏற்றியபோது துணைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் தலையில் துண்டு கட்டியிருந்த அம்மா, கேட்காமலே ஆரம்பித்தார். "முடி கொட்டறதுக்கு முன்னாடியே ஒட்ட வெட்டிக்கம்மா. தலகாணியில கொத்துக்கொத்தாப் பார்த்தா மனசு தாங்காது. ஆபரேசன் பண்ண பக்கத்துக் கையில ரத்தம் எடுக்க வந்தா, அந்தக் கை வேணாம்னு நீயே சொல்லிடு."

"பயமா இருக்குக்கா" என்றாள் இவள்.

"எனக்கு இன்னிக்கும் இருக்கு."

வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அங்கே விம்மி விம்மி அழுதாள். அந்த அம்மா தேற்றவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் நகர்த்தி வைத்தார்.

இப்படிப் பட்டவளே பட்டவளுக்குத் துணையாவது புதிதல்ல. நியூயார்க்கில் 1952இல் மார்பகத்தை இழந்த டெரீஸ் லாசர், அதே அறுவை செய்துகொண்ட பெண்களைத் தேடிப் போனார். கையில் தற்காலிகச் செயற்கை மார்பு, பயிற்சிக்கு ரப்பர் பந்து, கயிறு. டாக்டர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. சில ஆஸ்பத்திரிகள் உள்ளேயே விடவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே 'ரீச் டு ரெகவரி' என்ற அவருடைய இந்த முயற்சியைத் தன் திட்டமாக ஏற்றது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வைத்தியம் பேசக் கூடாது என்பது அதில் ஒரு விதி. கஷாயமும் பத்தியமும் பார்க்கிறவரெல்லாம் சொல்லும் நம்மூருக்கு இது கட்டாயம் வேண்டும்.

இப்படிக் கூடிப் பேசினால் ஆயுள் கூடுமா? கூடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ஸ்பீகல், நோய் பரவிவிட்ட 86 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 1989இல் வந்தது. வாராவாரம் குழுவாகப் பேசியவர்கள், பேசாதவர்களைவிடச் சராசரியாக ஏறக்குறைய இரு மடங்கு காலம் உயிரோடு இருந்தார்கள் என்றது. 2001இல் கனடாவில் பமீலா குட்வின் 235 பெண்களிடம் செய்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. ஸ்பீகலே பிறகு மறுபடி செய்து பார்த்தபோதும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. ஆனால் குட்வினின் ஆய்வில் பேசியவர்களுக்கு மனக்கலக்கம் குறைந்திருந்தது, வலியும் குறைந்திருந்தது.

அது போதாதா? ஆயுள் கூடும் என்று சொல்லி வைத்தால், நோய் திரும்பிய பெண்ணுக்கு "நான்தான் மனசைத் திடமா வச்சுக்கலையோ" என்ற குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். நோயை மருந்து பார்க்கட்டும். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், வாழ்வே வெறுத்தால் மனநல மருத்துவரிடம் போயாக வேண்டும். மற்ற நாட்களுக்கு, அதே வழியில் நடந்த ஒருத்தி பக்கத்தில் வேண்டும்.

சிகிச்சை முடித்தவர்களில் இதற்கு மனசுள்ளவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் பயிற்சியும், பஸ் காசும், கீமோ வார்டில் ஒரு நாற்காலியும் கொடுத்து ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டால் வருவார்கள்.