தேய்மானமும் நமது சம்பளமும்

"கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும்" என்பது பழமொழி. உற்றார் உறவினருக்குள் அது பொருந்தலாம். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே அது பொருந்தாது. இங்கே கணக்குப் பாராமல் இருப்பதால்தான் பிணக்கு வளர்கிறது என்பது நமது கருத்து.

சம்பளப் பேச்சு ஆகட்டும், போனஸ் பேச்சு ஆகட்டும், நிர்வாகத் தரப்பார் மேசைமீது எடுத்து வைக்கும் தாள் ஒன்று உண்டு. அது கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கு. அதன் கடைசி வரியைக் காட்டி, "இந்த ஆண்டு லாபம் இவ்வளவுதான்; இதில் எதை உங்களுக்குக் கொடுப்பது?" என்று கேட்கிறார்கள். நமது பிரதிநிதிகளில் பலர் அந்தக் கடைசி வரியோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குச் சில வரிகள் மேலே இன்னொரு தொகை இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. டிப்ரிசியேஷன், அமார்டிசேஷன் என்று அதற்குப் பெயர். தமிழில் தேய்மானம் என்றும் தவணைக் கழிவு என்றும் சொல்லலாம். இன்று அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

தேய்மானம் என்பது நமக்குப் புதிய சங்கதி அன்று. மரம் வெட்டும் கத்தியைத் தீட்டத் தீட்ட அது தேய்கிறது. ஒருநாள் உதவாமல் போய்விடுகிறது. வாங்கிய அன்றே அதன் விலை முழுவதும் செலவாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. தேயும்வரை செலவே இல்லை என்றும் சொல்ல முடியாது. உழைக்கும் காலமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது என்பதே உண்மை. கம்பெனி தன் லாரிக்கும், பால் ஸ்டோருக்கும், இயந்திரங்களுக்கும் இதே கணக்கைத்தான் போடுகிறது. 120,000 வெள்ளிக்கு ஒரு லாரி வாங்கி, அது 10 ஆண்டு ஓடும், பிறகு விலை போகாது என்று கருதினால், ஆண்டுக்கு 12,000 வெள்ளியைத் தேய்மானமாகக் கழித்து வரும்.

கண்ணுக்குத் தெரியாத உரிமைகளுக்கும் இப்படி ஒரு கழிவு உண்டு. கணினி நிரலுக்கோ வேறோர் உரிமைக்கோ மொத்தமாகப் பணம் கட்டியிருந்தால், அந்தத் தொகையை அனுபவிக்கும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக் கழிப்பதுதான் தவணைக் கழிவு. 60 ஆண்டுக் குத்தகையாகப் பெற்ற நிலத்துக்குக் கட்டிய பணமும் இப்படித்தான் 60 ஆண்டுகளில் கழிகிறது. பெயர் இரண்டானாலும் வழி ஒன்றே.

இதில் குறை என்ன? முறையில் குறை ஒன்றுமில்லை. அதைக் காட்டிப் பேசும் பேச்சில்தான் கவனம் வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தோட்டத்துக்கு ரப்பர் விற்ற வரவு 1,000,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சம்பளம், உரம், டீசல், ஆபீஸ் செலவு எல்லாம் சேர்த்து 870,000 வெள்ளி. தேய்மானம் 100,000 வெள்ளி. வரியையும் வட்டியையும் இப்போதைக்கு ஒதுக்கிவைத்தால், கடைசி வரியில் லாபம் 30,000 வெள்ளி என்று வரும். ஆனால் அந்த 100,000 வெள்ளி அந்த ஆண்டில் யார் கைக்கும் போகவில்லை. லாரிக்கும் இயந்திரத்துக்கும் உரிய பணம் அவற்றை வாங்கிய ஆண்டிலேயே போய்விட்டது. கடனுக்கு வாங்கியிருந்தால் அந்தத் தவணை வேறு கணக்கு. ஆக, அந்த ஆண்டின் தொழிலால் கம்பெனி கையில் சேர்ந்தது 130,000 வெள்ளி. நம்மிடம் காட்டப்படுவதோ 30,000 வெள்ளி.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆண்டறிக்கையிலேயே ரொக்க வரவு செலவைக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கம்பெனிகள் அந்தப் பக்கத்தின் தொடக்கத்தில் லாபத்தை எழுதி, அதன் கீழே தேய்மானத்தைத் திரும்பக் கூட்டிக் காட்டுகின்றன. ஏன் கூட்டுகிறார்கள்? அது ரொக்கமாக வெளியே போகவில்லை என்பதனால்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாங்கில் கடன் கேட்கும்போதும், பங்குதாரர்களிடம் பெருமை பேசும்போதும், பல கம்பெனிகள் வட்டி, வரி, தேய்மானம், தவணைக் கழிவு ஆகியவற்றைக் கழிப்பதற்கு முன்னுள்ள லாபத்தை எடுத்துச் சொல்கின்றன. ஈபிட்டா என்று அதற்குப் பெயர். பாங்குக்காரருக்குக் கழிப்பதற்கு முந்திய எண். பால்மரம் வெட்டுகிறவருக்குக் கழித்த பிந்திய எண்! இரண்டும் பொய்யல்ல. ஆனால் எந்த இடத்தில் எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்பது யோசிக்கத்தக்கது.

அரசாங்கம் இதை எப்படிப் பார்க்கிறது? 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி வரி கணக்கிடும்போது, கம்பெனி எழுதும் தேய்மானம் செலவாக ஏற்கப்படுவதில்லை. அதைத் திரும்பக் கூட்டிவிட்டு, சட்டம் வகுத்த விகிதப்படி மூலதனக் கழிவு தரப்படுகிறது. காரணம் தெளிவு. தேய்மானம் என்பது தராசில் நிறுத்துக் கண்ட எடை அன்று. மனிதர்கள் போடும் மதிப்பீடு. அதே லாரி 10 ஆண்டு ஓடாது, 6 ஆண்டுதான் ஓடும் என்று முதலிலேயே முடிவு செய்தால், ஆண்டுத் தேய்மானம் 12,000 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி ஆகிவிடும். லாரி ஒரு மைல்கூட அதிகம் ஓடாமலே லாபத்தில் 8,000 வெள்ளி குறைந்துவிடும். வரி வாங்கும் அரசாங்கமே அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை என்றால், நாம் மட்டும் ஏன் கேள்வி கேட்காமல் தலையசைக்க வேண்டும்?

இவ்வளவும் சொன்னதனால், தேய்மானம் முழுவதும் ஏமாற்று என்றோ, அதை அப்படியே சம்பளமாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்றோ யாரும் எண்ணிவிடக் கூடாது. அப்படிக் கேட்டால் நாம் உட்கார்ந்திருக்கும் கிளையை நாமே வெட்டியவர்கள் ஆவோம்.

ஏனெனில் இன்று நாம் வெட்டும் ரப்பர் மரமே தேய்மானக் கணக்கில் இருக்கிறது. ஆண்டுதோறும் பலன் தரும் ரப்பர் மரம், செம்பனை, தேயிலைச் செடி போன்றவற்றை இயந்திரத்தைப் போலவே பாவித்து, நட்டு வளர்த்த செலவை அவற்றின் ஆயுளுக்குப் பங்கிட வேண்டும் என்று சர்வதேசக் கணக்கு விதி 2014இல் திருத்தப்பட்டது; 2016 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. மலேசியத் தோட்டக் கம்பெனிகளுக்கு அவகாசம் தரப்பட்டிருந்தபடியால், அவற்றில் பல 2018 முதல் இதைப் பின்பற்றின. அதற்கு முன்பு பல கம்பெனிகள் முதல் நடவுச் செலவை ஆஸ்தியாக எழுதித் தேய்மானம் கழிக்காமலே வைத்திருந்தன. மறுநடவுச் செலவை மட்டும் அந்தந்த ஆண்டின் செலவாகக் கழித்தன. ஆகவே 2018க்கு முந்திய அறிக்கையையும் பிந்திய அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் இந்த மாற்றத்தை மனத்தில் கொள்ள வேண்டும்.

ரப்பர் கன்றை நட்டு, கத்தி வைக்கும் பருவம் வர 5 முதல் 7 ஆண்டு ஆகிறது. அதுவரை இளங்காட்டில் புல் வெட்டியவர் கூலியும், உரம் போட்டவர் கூலியும் அந்த மரத்தின் விலையில் சேர்கின்றன. கத்தி வைத்த பிறகுதான் தேய்மானம் தொடங்குகிறது. ஒரு ஹெக்டரை வளர்த்தெடுக்க 20,000 வெள்ளி ஆனது, 20 ஆண்டு வெட்டலாம் என்று கொண்டால், ஹெக்டருக்கு ஆண்டுக்கு 1,000 வெள்ளி கழிகிறது. வெட்டிய பட்டை மீண்டும் வளர்கிறது என்பது நமக்குத் தெரியும். அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதும் தெரியும். மரம் கிழடாகிறது. பால் குறைகிறது. அந்த இடத்தில் புதிய கன்று நடப்படாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு நிறையும் இல்லை, வேலையும் இல்லை.

இங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும். தேய்மானம் என்று ஏட்டில் கழித்ததனால் அந்தப் பணம் ஒரு பெட்டியில் பூட்டி வைக்கப்படுவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கழித்த பணம் மறுநடவுக்கும் போகலாம், பங்குதாரருக்கும் போகலாம், வேறு ஊரில் வேறு தொழிலுக்கும் போகலாம். எங்கே போனது என்று கேட்பதே நமது கடமை.

மரம் தேய்கிறது. ஆனால் சொந்த நிலத்துக்குத் தேய்மானம் இல்லை. பட்டணம் நெருங்க நெருங்க அதன் விலை ஏறுகிறது. மரத்தைக் கிழடாக விட்டு, நிலத்தை விற்றுவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் இப்படித்தான் பிறக்கிறது. 1950களிலும் 1960களிலும் நடந்த தோட்டத் துண்டாடலை நமது பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநடவுக்கு உதவ 1952இல் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் வந்திருந்தும், பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் வேலையையும் வீட்டையும் இழந்தனர். அந்த வேதனையிலிருந்துதான் 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால், தொழிலாளர் சேமிப்பைக் கொண்டு தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது.

இன்று நமக்கு முன்னறிவிப்பு ஒன்று கிடைக்கக்கூடும். ஆஸ்திகளின் ஆயுளை ஆண்டுக்கு ஒரு முறையாவது கம்பெனி மறுபரிசீலனை செய்ய வேண்டும். மாற்றம் பெரிதானால் குறிப்பில் சொல்ல வேண்டும் என்பது விதி. இன்னும் 12 ஆண்டு வெட்டலாம் என்று எழுதிய மரத்துக்கு ஆயுள் 3 ஆண்டு என்று திடீரெனக் குறைத்தால், தேய்மானம் பெருகும், லாபம் சுருங்கும். அதைவிட முக்கியம், அந்தக் காட்டை அழிக்க மேலிடத்தில் யோசனை நடக்கிறது என்று அது நமக்குச் சொல்லக்கூடும். ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே அறிக்கையில் செய்தி வந்துவிடலாம்.

ஆகவே பேச்சுக்குப் போகும் நமது பிரதிநிதிகள் நான்கு கேள்விகளைக் கையில் எடுத்துச் செல்லட்டும். லாபத்தைக் காண்பதற்கு முன் கழித்த தேய்மானம் எவ்வளவு? எந்த ஆஸ்திக்கு எத்தனை ஆண்டு ஆயுள் போட்டிருக்கிறீர்கள், சென்ற ஆண்டிலிருந்து அது மாறியதா? தொழிலால் வந்த ரொக்கம் எவ்வளவு? அதில் மறுநடவுக்கும், வீட்டுக்கும், இயந்திரத்துக்கும் செலவிட்டது எவ்வளவு, லாப ஈவாகப் பிரித்தது எவ்வளவு?

1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி ஒரு கூட்டு ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் நம்மைக் கட்டுகிறது. பேச்சு முறிந்து தொழில் நீதிமன்றம் போனாலும், வாழ்க்கைச் செலவோடு முதலாளியின் கொடுக்கும் சக்தியும் அங்கே ஆராயப்படுகிறது. ஒரு வரியைப் படிக்காமல் விட்டதற்காக மூன்று ஆண்டு சுமக்க வேண்டுமா?

கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. ஆபீஸ் புத்தகத்தை மறைத்துக் கொண்டுவரும்படி யாரையும் நாம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பங்குச் சந்தையில் பதிவான கம்பெனியின் ஆண்டறிக்கை எல்லோரும் பார்க்க வெளியிடப்படுகிறது. மற்றக் கம்பெனிகள் பலவற்றின் கணக்கை மலேசியக் கம்பெனிகள் ஆணையத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். அதை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் சங்கக் கிளையில் உட்கார்ந்து, மரம் வெட்டும் சகோதர சகோதரிகளுக்கு வரி வரியாகப் படித்துச் சொல்லுங்கள். எண் தெரிந்தவரும் மரம் தெரிந்தவரும் ஒன்றாக உட்கார்ந்தால் மறைவது எதுவும் இல்லை. எந்தக் காட்டில் மரம் இன்னும் எத்தனை ஆண்டு பால் தரும் என்பதைக் கணக்காய்வாளரைவிட அந்த நிறையில் நிற்பவர் நன்றாக அறிவார்.

கத்திக்கும் லாரிக்கும் மரத்துக்கும் தேய்மானம் எழுதுகிறார்கள். விடியுமுன் எழுந்து முப்பது ஆண்டு மரத்தைச் சுற்றிய முழங்காலுக்கு எந்த ஏட்டிலும் தேய்மானம் எழுதப்படுவதில்லை. அதை எழுத வேண்டிய இடம் சம்பள ஒப்பந்தமே. அந்த மேசைக்குக் கணக்கைப் படித்தவர்களாகப் போவோம்.