ஓஃபர் போஸ்டரை விடுவம், கதைப்பம்

வெள்ளவத்தை காலி வீதி உடுப்புக்கடைகள், கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிற அக்காமார் - இவர்களின் பேஸ்புக் பேஜ்களை வரிசையாகப் பாருங்கள். பெயரை மறைத்தால் எது யாருடையது என்றே தெரியாது. தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம், பொங்கலுக்கு ஒரு பானைப் படம், நடுவில் 'ஓஃபர், ஓஃபர்'. விலை கேட்டால் 'இன்பொக்ஸ் வாங்க'. இதுக்குத்தான் மாசாமாசம் பூஸ்ட் காசும் போகுது.

இதைத்தான் 'கொன்டென்ட் மார்க்கெட்டிங்' என்கிறோம். மதிலில் ஒட்டின நோட்டீசை இப்ப போனில் ஒட்டுகிறோம், அவ்வளவுதான்.

உண்மையில் கொழும்புக்கு இது பழைய வித்தை. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஓரங்கட்ட, இந்திய நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். அந்த ஆண்டு இங்கிருந்து ஒலிபரப்பாகத் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா'வின் அனுசரணையாளர் ஒரு பற்பசைக் கொம்பனி. அறிவிப்பாளர் அமீன் சயானி சனம் விரும்பின ஹிந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்திக் கொடுத்தார். பாட்டுக்காக வந்த சனத்தின் மனசில் பற்பசையின் பெயரும் சேர்ந்து நின்றது.

சின்னக் கடைக்குப் பாட்டு வேண்டாம். கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற அறிவு போதும். அம்மாவோடு சேலை எடுக்கப் போனபோது, "இது அசல் பட்டோ?" என்று அம்மா கேட்டா. முதலாளி குஞ்சத்தில் ஒரு நூலை இழுத்துக் கொளுத்தினார். "பாருங்கோ அக்கா, பட்டெண்டா முடி எரியிற மணம் வரும், சாம்பல் விரலில நொறுங்கும். பொலியெஸ்டர் எண்டா உருகிக் கட்டியாப் போயிடும்." அம்மா உடனே சேலையை எடுத்தா. அந்தக் கடையின் பேஜில் அந்த நூல் இல்லை. ஹிந்திப் பாட்டுக்குச் சுழலுகிற பொம்மைதான் இருக்கு.

இதில் பிழை முதலாளிமாரில் மட்டும் இல்லை. பேஜ் பார்க்கிறது நாங்கள்தானே. தமிழில் எழுதினால் 'பழசா' தெரியும் என்று, தமிழில் விலை பேசி வாங்குகிற சனத்துக்கு இங்கிலீஷில் கப்ஷன் போடுகிறோம்.

ஒரு வீடியோ போட்டதும் கடை நிரம்பாது. மாதக்கணக்கில் பொறுக்க வேணும். ஆனால் பூஸ்ட் காசு முடிந்ததும் போஸ்டர் செத்துவிடும். நல்ல பதில் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் சுத்தும், ஆடி மாசம் ஊருக்கு வர இருக்கிற கனடா மாமி வரைக்கும். ஒன்று மட்டும்: பொலியெஸ்டரைப் பட்டென்று விற்கிற கடைக்கு இது சரிவராது.

அடுத்த முறை மாமா "ஒரு போஸ்டர் அடிச்சுத் தா" என்று கேட்டால், கடைக்கு வாற சனம் அடிக்கடி கேட்கிற மூன்று கேள்விகளைக் கேட்டு வாங்குங்கள். அவரே பதில் சொல்லட்டும், நீங்கள் போனைப் பிடியுங்கள். கூலியையும் கேளுங்கள். அதுவும் வேலைதான்.