அறிவியற் பகுதி: கைமாறும் அழைப்பு

மொன்றியலிலிருந்து வல்மொரின் சிவானந்த ஆச்சிரமத்து முருகன் ஆலயத்துக்கு 15ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். காரின் பின்னிருக்கையில் ஓர் அம்மையார் ரொறன்ரோவிலுள்ள மகளுடன் பேசியபடி போகிறார் என வைத்துக்கொள்க. வழியில் அவருடைய கைத்தொலைபேசி பல கோபுரங்களைக் கடந்துவிடும். அம்மையாருக்கோ எதுவும் தெரியாது.

பேச்சு நடக்கும்போதே தொலைபேசி அயற்கோபுரங்களின் அலைவலிமையை அளந்து அறிவித்தபடி இருக்கும். அடுத்த கோபுரத்தின் வலிமை மிஞ்சியதும் அங்கே முதலில் இடம் ஒதுக்கப்படும். பின்னரே அழைப்பு மாற்றப்படும். கைக்குழந்தையை வாங்குபவர் கை நீட்டி ஆயத்தமாக நின்ற பிறகுதானே கொடுப்பவர் கொடுப்பார்? மாறும் இடைவெளி காதுக்குப் புலப்படாது.

ஒரே நிறுவனத்தின் கோபுரங்களாயின் இதில் சிக்கலில்லை. 2010இல் சொந்த வலையமைப்பைத் தொடங்கிய வீடியோத்ரோன், தன் கோபுரங்கள் இல்லாத ஊர்களில் பெரிய நிறுவனங்களின் வலையமைப்பை வாடகைக்குப் பெற்றது. எல்லையில் அழைப்பு அறுந்துபோனது. மறுபடி இலக்கத்தை அழுத்தவேண்டியிருந்தது. இது பொறியியலால் முடியாத காரியமன்று. ஒருவர் கோபுரங்களை மற்றவர் பட்டியலில் சேர்க்கவும், இரு தரப்பு இயந்திரங்களும் தொடர்புகொள்ளவும் இணக்கம் தேவை. போட்டிக் கடைக்காரருக்கு வாடிக்கையாளரை வழியனுப்பி வைப்பவர் யார்? ஈற்றில், 2021 ஏப்ரலில், கனடாவின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணைக்குழு பெல், ரொஜர்ஸ், ரெலஸ் மூன்றும் இதைச் செய்தே ஆகவேண்டும் எனப் பணித்தது.

நிலத்தின் கீழோ கதை வேறு. மொன்றியல் மெட்றோவில் இம்மூன்றும் வீடியோத்ரோனும் செலவைப் பகிர்ந்து ஒரே அமைப்பை நிறுவின. 2020இல் 68 நிலையங்களுக்கும் சுரங்கங்களுக்கும் சேவை வந்து சேர்ந்தது. தனித்தனியே கம்பி இழுக்கச் சுரங்கத்தில் இடமேது!

யாழ்ப்பாணத்துக்கு வட்ஸ்அப்பில் பேசுவோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வீட்டு வைஃபையில் தொடங்கிய அந்தப் பேச்சை வாசலில் ஏந்திக்கொள்ள எந்தக் கோபுரமும் ஆயத்தமாக நிற்பதில்லை. வெளியே வந்ததும் தொலைபேசியின் இணைய முகவரியே மாறிவிடும். செயலி தானாகவே மறுபடி இணையவேண்டும். சில வினாடி மௌனம் அதனாலேயே. சில வேளை பேச்சு முற்றாக அறுந்தும் போகும். தொலைபேசி நிறுவனமே தரும் வைஃபை அழைப்பு அப்படியன்று. தொலைபேசியும் சேவையும் இடங்கொடுத்தால் அது கோபுரத்துக்குச் சுமுகமாக மாறும்.

ஊரில் வைத்தியசாலையிலிருக்கும் தாயாரின் நிலைமையை வைத்தியர் சொல்லும் வேளையில் பேச்சு அறுவது சிறு விடயமன்று. வெளியே புறப்படும் அவசரத்தில் பேசுவதாயின், வைஃபையை நிறுத்திவிட்டே அழைப்பைத் தொடங்குதல் நலம். மாதக் கட்டணத்தில் எவ்வளவு தரவு அடங்கும் என்பதை முன்னரே பார்த்துக்கொள்க.